1780 என்று பொறித்திருந்தால் 1780இல் அடித்ததாகுமா? மறுஅச்சு நாணயங்கள் குறித்து ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: துறைமுகத்தில் வேலை பார்த்த என் தாத்தா ஒரு தகரப் பெட்டியில் நான்கு பழைய நாணயங்களை விட்டுச் சென்றிருக்கிறார். ஒன்று, 1780 என்று பொறித்த, முக்காடிட்ட ஓர் அரசியின் உருவம் கொண்ட பெரிய வெள்ளி நாணயம் (28.05 கிராம்). இரண்டாவது, 1840ஆம் ஆண்டின் விக்டோரியா ஒரு ரூபாய் (11.57 கிராம்). மூன்றாவது, கையில் சூலத்துடன் நிற்கும் பெண் உருவமும் பின்புறத்தில் சீன எழுத்துகளும் ஜாவி எழுத்துகளும் (அரபு வரிவடிவில் எழுதும் மலாய்) உள்ள 1908ஆம் ஆண்டு டாலர் (22.4 கிராம், விட்டம் 39 மில்லிமீட்டர்). நான்காவது, ராமர் பட்டாபிஷேகமும் 'ஈஸ்ட் இண்டியா கம்பெனி 1818' என்ற ஆங்கில எழுத்தும் உள்ள செம்பு நாணயம். என் தம்பி ரூபாயைப் புளியும் பிராஸோவும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டான். ஒரு கடைக்காரர் நான்கையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எல்லாமே ரீஸ்ட்ரைக் (மறுஅச்சு), வெள்ளி விலைக்குத்தான் போகும் என்றார். இன்னொருவர், ரீஸ்ட்ரைக் என்றாலே போலிதான் என்றார். ராமர் நாணயம் பல லட்சம் பெறும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. தாத்தா ஏமாந்துவிட்டாரோ என்று மனம் வருந்துகிறது. தஞ்சாவூரில் அம்மாவின் வீட்டில் 1925 என்று போட்ட நான்கு பவுன் காசுகளும் இருக்கின்றன. அடுத்த பயணத்தில் அவற்றைக் கொண்டுவர எண்ணுகிறோம். எது உண்மை, எதற்கு என்ன மதிப்பு என்று விளக்க வேண்டும்.
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்:

அன்புள்ள அம்மையீர்,

நீங்கள் அனுப்பிய படங்களையும் எடைக் குறிப்பையும் கவனமாகப் பார்த்தேன். படத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நாணயத்துக்கு இறுதித் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. ஆனால் எடையை நூறில் ஒரு கிராம் வரை அளந்து எழுதியிருப்பதால், வழக்கமாகச் சொல்லக்கூடியதைவிட உறுதியாகவே என்னால் பேச முடிகிறது. இரண்டு கடைக்காரர்கள் சொன்னதும் சரியன்று. உங்கள் பெட்டியில் உள்ள நான்கும் நான்கு வெவ்வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் மறுஅச்சு, அதாவது பழைய ஆண்டைப் பொறித்துப் பிற்காலத்தில் அடித்தது, என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று. மற்றொன்று புழக்கத்தில் இருந்த அசல் என்றே தோன்றுகிறது, ஒன்று போலி, ஒன்று எந்த அரசும் வெளியிடாத பொருள்.

நாணயத்தில் பொறித்திருக்கும் ஆண்டு, அது அடிக்கப்பட்ட ஆண்டாகத்தான் இருக்க வேண்டும் என்று நாம் இயல்பாகவே எண்ணிவிடுகிறோம். பழைய நாணயங்களைப் பொறுத்தவரை அந்த எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். எந்த நாணயத்தை எடுத்தாலும் அதை அடித்தவர் யார், எந்த அச்சை (உருவம் செதுக்கிய எஃகு முத்திரையை) கொண்டு அடித்தார், எப்போது அடித்தார் என்ற மூன்றுக்கும் விடை தேட வேண்டும். அதே நாணயச் சாலை, மக்கள் ஒரு பழைய நாணயத்தையே விரும்பிக் கேட்டதால், ஆண்டை மாற்றாமல் தொடர்ந்து அடித்திருக்கலாம். அதே நாணயச் சாலை, பாதுகாத்து வைத்த பழைய அச்சுகளை எடுத்து, சேகரிப்பாளர்கள் கேட்டதற்கிணங்கச் சில நாணயங்களை மட்டும் பிற்காலத்தில் அடித்துக் கொடுத்திருக்கலாம். பம்பாய், கல்கத்தா நாணயச் சாலைகள் இருபதாம் நூற்றாண்டிலும் இதைச் செய்தன. அரசுக்குத் தொடர்பில்லாத ஒருவர் அசல் அச்சுகளை விலைக்கு வாங்கி அடித்ததும் உண்டு. இங்கிலாந்தில் மேத்யூ போல்டன் தொடங்கிய சோஹோ நாணயச் சாலை மூடப்பட்டபோது, அதன் பழைய அச்சுகள் சிலவற்றை டபிள்யூ. ஜே. டெய்லர் என்னும் லண்டன் செதுக்குநர் வாங்கி, தம் பட்டறையில் நாணயம் அடித்துச் சேகரிப்பாளர்களுக்கு விற்றார். இவை எல்லாவற்றையும் மறுஅச்சு என்ற பொதுப்பெயரால் அழைக்கிறோம். புதிதாக அச்சுச் செய்தோ வார்த்தோ பிறரை ஏமாற்றுவதற்காக உருவாக்குவதைத்தான் போலி என்கிறோம். ஆகவே ரீஸ்ட்ரைக் என்றாலே போலி என்று ஒரு வணிகர் சொன்னால், அவர் பேச்சை வைத்து நீங்கள் விற்கும் முடிவையோ வாங்கும் முடிவையோ எடுக்க வேண்டாம்.

மறுஅச்சு என்றால் மலிவு என்பதும் பொதுவிதி ஆகாது. அமெரிக்காவின் 1804ஆம் ஆண்டு வெள்ளி டாலர் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அந்த ஆண்டு பொறித்த டாலர்களில் முதலாவதே 1834ஆம் ஆண்டில்தான் அடிக்கப்பட்டது. பின்னர் அந்த நாணயச் சாலையின் ஊழியர்கள் சிலர் தங்கள் ஆதாயத்துக்காக மறுபடியும் சிலவற்றை அடித்தார்கள். அவற்றுள் ஒன்று, 1857ஆம் ஆண்டின் சுவிஸ் வெள்ளி நாணயம் ஒன்றின் மேலேயே அடிக்கப்பட்டது. கீழிருந்த சுவிஸ் நாணயத்தின் சுவடு அதில் இன்னும் தெரிவதால், அது எந்தக் காலத்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அவ்வாறு பிற்காலத்தில் அடிக்கப்பட்டவையும் ஏலத்தில் பத்து லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டி விலைபோயிருக்கின்றன. எண்ணிக்கை குறைவாக இருந்து, வரலாறு ஐயமின்றித் தெரிந்து, கேட்பவர்களும் இருந்தால் மறுஅச்சுக்கும் விலை உண்டு.

இனி உங்கள் பெட்டிக்கு வருகிறேன்.

1780 என்று போட்டிருக்கும் பெரிய வெள்ளி, மரியா தெரேசா தாலர். ஆஸ்திரியாவை ஆண்ட அந்த அரசி 1780இல் மறைந்தார். செங்கடல் கரையில் இருந்த ஏமன், எத்தியோப்பியா, அரேபிய நாட்டு வணிகர்கள் அவர் உருவம் பொறித்த வெள்ளியைத் தவிர வேறு எதையும் நம்பி வாங்க மறுத்ததால், ஆண்டை மாற்றாமல் அதே நாணயத்தை அடித்துக்கொண்டே இருந்தார்கள். 1858இல் ஆஸ்திரியாவிலேயே அது செல்லுபடியாகும் பணம் என்ற தகுதியை இழந்தது. அடிப்பது மட்டும் நிற்கவில்லை. 1935இல் எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலி, அந்த நாட்டில் செலவழிக்க வேண்டி ஆஸ்திரியாவிடமிருந்து அச்சுகளைப் பெற்று ரோமில் அடித்தது. அதன்பின் லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் நாணயச் சாலைகளும் தாங்களே அச்சுச் செய்து அடிக்கத் தொடங்கின. போர்க்காலத்தில், 1940, 1941ஆம் ஆண்டுகளில், நம் பம்பாயிலும் இது அடிக்கப்பட்டது. வியன்னா நாணயச் சாலை இன்றும் அடித்து விற்கிறது. எல்லாவற்றிலும் ஆண்டு 1780தான்.

அதன் இலக்கண எடை (விதிப்படி இருக்க வேண்டிய எடை) 28.07 கிராம், வெள்ளியின் தூய்மை ஆயிரத்துக்கு 833. உங்கள் நாணயம் 28.05 கிராம் இருக்கிறது. விளிம்பைக் கவனியுங்கள்: 'யுஸ்டிட்டியா எட் கிளெமென்டியா' என்ற லத்தீன் வாசகம், இடையிடையே பூவேலைப்பாட்டுடன், எழும்பி நிற்க வேண்டும். வார்த்து எடுத்த போலிகளில் அந்த எழுத்துகள் மழுங்கியோ, இடையில் ஒரு மெல்லிய இணைப்புக் கோட்டுடனோ காணப்படும். உங்கள் படத்தில் விளிம்பு எழுத்துகள் கூர்மையாகவே இருக்கின்றன. ஆகவே இது வெள்ளியில் ஒரு நாணயச் சாலையில் முறையாக அடிக்கப்பட்டது என்பதே என் கருத்து. எந்த நாணயச் சாலை என்பதை அறிய, அரசியின் தோளில் உள்ள பதக்கத்தின் முத்துகளையும், பின்புறத்தில் உள்ள இரட்டைத்தலைக் கழுகின் வால் இறகுகளையும் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் கொண்டு எண்ணி, பட்டியல் நூல்களுடன் ஒப்பிட வேண்டும். உங்கள் படம் அதற்குப் போதாது. 18ஆம் நூற்றாண்டிலேயே அடிக்கப்பட்ட ஒன்றாக இருந்தால் விலை பலமடங்கு கூடும் என்பதால் ஒருமுறை எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அதை எதிர்பார்த்திருக்க வேண்டாம். இந்த வகை கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது. 28.07 கிராமில் தூய வெள்ளி 23.39 கிராம், அதாவது ஒரு டிராய் அவுன்ஸில் முக்கால் பங்கு. ஒரு டிராய் அவுன்ஸ் வெள்ளியின் அன்றைய விலையை 0.752ஆல் பெருக்கினால் அடிப்படை மதிப்புக் கிடைக்கும். உருக்கிச் சுத்தம் செய்ய வேண்டிய வெள்ளி என்பதால் உருக்குபவர் அதைவிடக் குறைத்தே கேட்பார். சேகரிப்பவர் சற்றுக் கூட்டித் தருவார்.

உங்கள் தாத்தா ஏமாந்தார் என்று இந்த நாணயத்தைப் பொறுத்தவரை நினைக்கவே வேண்டாம். ஏமனின் ஹத்ரமவுத் பகுதியிலிருந்து வந்து குடியேறிய அரபுக் குடும்பங்கள் சிங்கப்பூரில் ஏராளம். அவர்கள் ஊரில் இருபதாம் நூற்றாண்டிலும் இது கையில் புழங்கிய பணம். துறைமுகத்தில் வேலை பார்த்தவர் ஒருவருக்கு இது கிடைத்ததில் வியப்பில்லை. அவர் பெற்றது எடைக்கு எடை நல்ல வெள்ளி.

ரூபாயைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன். கடைக்காரர் அதை மறுஅச்சு என்றதற்குக் காரணம் அதன் பளபளப்பாகத்தான் இருக்க வேண்டும். 1840 விக்டோரியா ரூபாயைப் பிற்காலத்தில் கண்ணாடி போன்ற தளத்துடன் சேகரிப்பாளர்களுக்காக அடித்தது உண்மை. ஆனால் பிராஸோ போட்டுத் தேய்த்த பழைய ரூபாயும் விளக்கு வெளிச்சத்தில் அப்படித்தான் மின்னும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. மேசை விளக்கு ஒன்றைத் தாழ்வாக, பக்கவாட்டில் வைத்து, நாணயத்தை அதன் ஒளியில் மெல்லச் சுழற்றி லூப் வழியாகப் பாருங்கள். நாணயச் சாலையில் மெருகிட்ட அச்சினால் அடித்ததில், எழுத்துகளுக்கு இடைப்பட்ட சமதளம் மட்டும் ஆடிபோல் இருக்கும். உருவமும் எழுத்தும் கூர்மையாக, பெரும்பாலும் சற்று மங்கிய வெண்மையுடன் எழுந்து நிற்கும். சமதளத்தில் மெல்லிய கோடுகள் இருந்தால் அவை எழுத்தின் அடியோடு நின்றுவிடும், எழுத்தின் மேல் ஏறாது. கையால் துணி வைத்துத் தேய்த்ததில் கோடுகள் ஒரே போக்கில் சமதளத்திலிருந்து எழுத்தின் மேலேறி மறுபக்கம் இறங்கிச் செல்லும். எழுத்துகளின் ஓரங்கள் உருண்டிருக்கும். எழுத்துகளின் மூலையிலும் முடியின் இடுக்கிலும் பழைய கறுமையோ பாலிஷின் வெள்ளைப் பொடியோ தங்கியிருக்கும். உங்கள் மூன்றாவது படத்தில், அரசியின் காதுக்கு மேலுள்ள கூந்தல் இழைகள் தேய்ந்து தட்டையாகியிருப்பதும், 'ரூபீ' என்ற ஆங்கில எழுத்துகளின் இடுக்கில் கறுமை இருப்பதும் தெளிவாகத் தெரிகின்றன. சேகரிப்பாளர் வாங்கிப் பெட்டியில் வைக்கும் மறுஅச்சில் கூந்தல் தேய வாய்ப்பு மிகக் குறைவு. எடையும் அதையே சொல்கிறது: ரூபாயின் இலக்கண எடை 11.66 கிராம், உங்களுடையது 0.09 கிராம் குறைவு. சில ஆண்டுகள் கைமாறிப் புழங்கிய நாணயத்துக்கு அது இயல்பான தேய்மானம்.

இதிலும் 1840 என்ற ஆண்டு நேர்ப்பொருள் தருவதில்லை. உங்கள் நாணயத்தில் 'விக்டோரியா' என்பது தலையின் ஒரு பக்கமும் 'குயின்' என்பது மறுபக்கமுமாகப் பிரிந்திருக்கிறது. தலைக்கு மேலே இரண்டு சொற்களும் தொடர்ந்து ஓடும் வகை முந்தையது. பிரிந்த வகை 1850ஐ ஒட்டித் தொடங்கி, 1862ஆம் ஆண்டுப் புதிய ரூபாய் வரும்வரை, 1840 என்ற ஆண்டுடனேயே அடிக்கப்பட்டது. அடுத்து வந்த 1862 ரூபாயும் அப்படியே 1874 வரை ஆண்டு மாறாமல் அடிக்கப்பட்டது. இடையில் எந்த ஆண்டில் அடித்தது என்பதைக் காட்டச் சிறு புள்ளிகளை இட்டார்கள். இவை அன்றாடப் புழக்கத்துக்காக அரசு தொடர்ந்து அடித்தவை. இவற்றை யாரும் மறுஅச்சு என்று ஒதுக்குவதில்லை. ஆகவே உங்கள் ரூபாய் புழக்கத்திலிருந்த அசல் என்றே கருதுகிறேன். தேய்த்ததால் அதன் சேகரிப்பு மதிப்பு கணிசமாகக் குறைந்துவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. கறுமை மீண்டும் ஏற வேண்டும் என்று கந்தகம், முட்டை என்று யாரேனும் சொல்வதைக் கேட்டு எதுவும் செய்துவிடாதீர்கள். வெள்ளி நாணயத்தின் மேல் இயற்கையாகப் படியும் கறுமை அதற்குக் கேடு அன்று. அதுதான் அந்த நாணயத்தின் மேல்தோல் குலையாமல் இருக்கிறது என்பதற்கு வாங்குபவர் பார்க்கும் சான்று. தம்பியைக் கடிந்துகொள்ள வேண்டாம். வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கைத் துலக்கும் பழக்கம் உள்ள எவரும் செய்யக்கூடியதைத்தான் செய்திருக்கிறார்.

உண்மையான மறுஅச்சு ரூபாய் ஒன்று எதிர்காலத்தில் உங்கள் கைக்கு வந்தால் எதைப் பார்ப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஃகு அச்சு பல ஆண்டுகள் கிடப்பில் இருந்தால் துருப்பிடித்து அதில் சிறு குழிகள் விழும். அதைக் கொண்டு அடிக்கும்போது அந்தக் குழிகள் நாணயத்தில் மணல் துகள்போல் புடைத்துத் தெரியும். வார்த்த போலியிலோ இதற்கு நேர்மாறாக, காற்றுக் குமிழ்களின் தடம் பள்ளமாகவே இருக்கும். புடைப்பா பள்ளமா என்ற இந்த ஒரு வேறுபாட்டைக் கண் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அச்சில் விழுந்த விரிசல் நாணயத்தில் எழும்பிய கோடாக வரும். சில மறுஅச்சுகளில் முன்பக்கம் ஒரு காலத்து அச்சாகவும் பின்பக்கம் வேறு காலத்து அச்சாகவும் இருக்கும். புழக்கத்தில் ஒருபோதும் சேர்ந்திராத இரண்டு பக்கங்கள் சேர்ந்திருந்தால், அது பிற்காலத்தில் அடிக்கப்பட்டதற்கு வலுவான சான்று. அத்தகைய பம்பாய், கல்கத்தா மறுஅச்சுகளைத் தேடிச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள், அவை மதிப்புடையவை. அசல் காலத்து மெருகு நாணயம் என்று சொல்லி அவற்றை விற்பதுதான் ஏமாற்று.

மூன்றாவதைப் பற்றிச் சொல்வதற்கு வருந்துகிறேன். சூலம் ஏந்திய பிரிட்டானியா (பிரிட்டனை உருவகப்படுத்தும் பெண்) உருவத்துடன் கூடிய அந்த டாலர், பிரிட்டிஷ் வணிக டாலர் எனப்படுவது. 1895 முதல் 1935 வரையிலான ஆண்டுகளைத் தாங்கி, பெரும்பாலும் பம்பாயிலும் சிறிது கல்கத்தாவிலும் லண்டனிலும் அடிக்கப்பட்டது. பம்பாயின் 'பி' என்ற எழுத்து சூலத்தின் நடு முனையில் மிகச் சிறியதாக இருக்கும். இலக்கண எடை 26.96 கிராம், வெள்ளி ஆயிரத்துக்கு 900. உங்களுடையது 22.4 கிராம். நான்கரை கிராம், அதாவது ஆறில் ஒரு பங்கு எடை தேய்ந்து போயிருக்குமானால், அதில் சூலமும் கேடயமும் அடையாளமே தெரியாமல் மழுங்கியிருக்கும். உங்கள் படத்திலோ சீன எழுத்தின் ஒவ்வொரு கோடும் தெளிவாக இருக்கிறது. விட்டம் சரியாக 39 மில்லிமீட்டர். அளவு அதே, எடை குறைவு என்றால் உலோகம் வேறு.

இதை வீட்டிலேயே உறுதிசெய்யலாம். நூறில் ஒரு கிராம் காட்டும் சிறு மின்தராசில் ஒரு பிளாஸ்டிக் குவளைத் தண்ணீரை வைத்து, காட்டும் எடையைப் பூச்சியமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும்படி கையில் தொங்கவிட்டால், தராசு ஓர் எண்ணைக் காட்டும். நாணயத்தின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அதன் அடர்த்தி வரும். நல்ல பிரிட்டிஷ் டாலருக்கு 10.3ஐ ஒட்டி வர வேண்டும். ரூபாய்க்கும் ஏறக்குறைய அதேதான், தராசு 1.12ஐ ஒட்டிக் காட்டும். மரியா தெரேசாவுக்கு 2.75 காட்டி, அடர்த்தி 10.2 வரும். உங்கள் டாலரில் தராசு 2.6 காட்டும் என்றும், அடர்த்தி 8.6ஐ ஒட்டி வரும் என்றும் எதிர்பார்க்கிறேன்; அது வெள்ளி முலாம் பூசிய பித்தளை வகை. நாணயத்தில் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் கணக்குப் பிசகும். நூலை லேசாக அசைத்து அதை நீக்கிவிடுங்கள். அடகுக் கடையில் உலோகத்தைச் சோதிக்கும் எக்ஸ்-கதிர் இயந்திரம் மேற்பரப்பை மட்டுமே படிப்பதால், முலாம் தடித்திருந்தால் அது வெள்ளி என்றே சொல்லிவிடக்கூடும். காந்தமும் பயன்படாது, வெள்ளியைப் போலவே பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது.

பம்பாய் நாணயச் சாலை இந்த டாலரையும் சேகரிப்பாளர்களுக்காக மறுஅச்சிட்டிருக்கிறது. அவை முழு எடையும் நல்ல வெள்ளியும் கொண்டவை. உங்களுடையது அந்த வகையிலும் சேராது. நீரிணைக் குடியேற்றங்கள் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) 1903இல் தமக்கென்று சொந்த டாலரை வெளியிட்டு, அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் டாலரைச் செல்லாததாக்கிவிட்டன என்பதால், 1908 என்று பொறித்த டாலர் சிங்கப்பூரில் செல்லுபடியாகும் பணமாக இருந்ததே இல்லை. இந்தப் பகுதிச் சந்தைகளில் இத்தகைய போலிகள் பல்லாண்டுகளாக விற்கப்படுகின்றன. 2017இல் மூடப்பட்ட சுங்கை ரோட்டுச் சந்தை போன்ற இடங்களில் வேடிக்கைப் பொருளாகச் சில சிங்கப்பூர் டாலருக்கு வாங்கியவர்கள் பலர். தாத்தா என்ன விலை கொடுத்தார், போலி என்று அறிந்தே வாங்கினாரா என்பது நமக்குத் தெரியாத நிலையில், அவர் ஏமாந்தார் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. அதை வைத்துக்கொள்ளுங்கள், விற்க மட்டும் முயலாதீர்கள்.

ராமர் பட்டாபிஷேகக் காசுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி அத்தகைய நாணயத்தை 1818இலும் வெளியிடவில்லை, வேறு எந்த ஆண்டிலும் வெளியிடவில்லை. மறுஅச்சு என்று சொல்வதற்கு முதலில் ஓர் அசல் இருந்திருக்க வேண்டும். இதற்கு அசலே கிடையாது. கம்பெனி சென்னையில் தெய்வ உருவம் பொறித்த வராகன்களை வெளியிட்டது உண்மை என்பதால்தான் இந்தக் கதையைப் பலர் எளிதில் நம்பிவிடுகிறார்கள்; ஆனால் அந்த வராகன்கள் பெரும்பாலும் சிறிய பொற்காசுகள், அவற்றுக்கும் இந்தச் செம்புக் காசுக்கும் தொடர்பில்லை. பூசைப் பெட்டியில் வைப்பதற்காக விற்கப்பட்ட வில்லை என்று இதைக் கொண்டால் அதற்குரிய மரியாதை அதற்கு உண்டு. லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்கிறோம் என்று வரும் வாட்ஸ்அப் செய்திகளில் நாணயத்தை வாங்குபவர் எவரும் இல்லை. பதிவுக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம், வரி என்று உங்களிடமிருந்து பணம் கறப்பவர்களே இருக்கிறார்கள். அரிசியை இழுக்கும் காசு என்று தமிழ்நாட்டில் பலரை ஏமாற்றிய கும்பல்களும் இதே வழியில்தான் வந்தன. விற்பவரிடமே முன்பணம் கேட்பவருக்குப் பதில்கூட அனுப்ப வேண்டாம்.

தஞ்சாவூரில் இருக்கும் பவுன் காசுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1925 என்ற ஆண்டு இங்கே சிறப்புக் கவனம் பெறுகிறது. லண்டன் நாணயச் சாலை, ஐந்தாம் ஜார்ஜ் உருவம் கொண்ட 1925ஆம் ஆண்டு அச்சுகளை இரண்டாம் உலகப் போருக்குப் பின் மீண்டும் எடுத்து, 1949இலும் அதை அடுத்த சில ஆண்டுகளிலும் சவரன்களை அடித்தது. குதிரைமேல் இருக்கும் புனித ஜார்ஜின் கீழே, தரைக்கோட்டின் நடுவில், 'எஸ்ஏ' என்ற எழுத்துகள் இருந்தால் அது தென்னாப்பிரிக்காவில் 1925இலேயே அடித்தது; எழுத்தே இல்லையென்றால் லண்டன், அது 1925இலோ போருக்குப் பின்னோ அடித்ததாக இருக்கலாம். எதுவாயினும் எடை 7.99 கிராம், 22 காரட், தூய பொன் 7.32 கிராம். இந்த வகையில் மறுஅச்சு என்பதால் விலை குறைவதில்லை, பொன் விலைக்கே போகும். உங்கள் அம்மா இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். போருக்குப் பின் இத்தாலியிலும் லெபனானிலும் தனியார் அடித்த போலிச் சவரன்கள் இருக்கின்றன. அவற்றுள் பலவற்றில் பொன் ஏறக்குறைய முழு அளவிலேயே இருப்பதால், எடையும் அடர்த்தியும் மட்டும் போதாமல் எழுத்துகளின் கூர்மையையும் விளிம்பு வரிகளையும் பழகிய கண் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆனால் அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு விமானம் ஏறுவதற்கு முன் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமையுள்ள நாணயம் தொல்பொருளாகும். அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முடியாது. 1925 அந்த எல்லையைத் தொட்டுவிட்டது. 1951இல் அடித்த மறுஅச்சுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று நாம் வாதிடலாம், ஆனால் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பார்ப்பது பொறித்திருக்கும் ஆண்டைத்தான். ஆகவே, இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அன்று என்ற சான்றிதழ் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைக்கவில்லையென்றால் அவை தஞ்சாவூரிலேயே இருப்பது நல்லது; குடும்பத்தில் யாருக்குப் பங்கு என்பதை எழுத்தில் வைத்துக்கொண்டால் போதும். சான்றிதழுடன் கொண்டுவந்தால், சிங்கப்பூரில் இறங்கியதும் சுங்கத் துறையிடம் தாமாகவே அறிவித்து, உரிய ஜிஎஸ்டியைச் செலுத்திவிடுங்கள்.

விற்பது பற்றி: தாலரையும் ரூபாயையும் விற்பதாக இருந்தால், நகைக் கடைக்கோ அடகுக் கடைக்கோ முதலில் போகாதீர்கள், அங்கே எடைக்கு மட்டுமே விலை. நாணயம் மட்டுமே விற்கும் கடைகள் இரண்டு மூன்றில் தனித்தனியாகக் காட்டி, ஒவ்வொருவரும் இது எந்த நாணயச் சாலை, எந்தக் காலம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். காரணம் சொல்ல இயலாதவர் சொல்லும் விலையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அரும்பொருளகங்களுக்கு எடுத்துச் செல்வதாலும் பயனில்லை, விலை மதிப்பிடுவது அவற்றின் பணியன்று. வெளிநாட்டுத் தரச்சான்று நிறுவனங்களுக்கு அனுப்பிப் பிளாஸ்டிக் உறையில் பூட்டி வாங்கலாமா என்று யாரேனும் யோசனை சொன்னால், இந்த இரண்டுக்கும் அது தேவையில்லை என்பதே என் பதில். செலவு நாணயத்தின் விலையைத் தின்றுவிடும், தேய்த்த ரூபாய்க்குத் தரமும் கிடைக்காது. பிற்காலத்தில் நீங்களே வாங்க நேர்ந்தால், உறையில் இருப்பதாலேயே நம்பிவிடாமல், அதிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் தேடி, படமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். உறையையும் போலியாகச் செய்கிறார்கள். ரசீதில் 'பழைய நாணயம்' என்று பொதுவாக எழுத விடாமல், 'பம்பாய் மறுஅச்சு' என்றோ 'புழக்கத்துக்கு அடித்தது' என்றோ வகையைக் குறிப்பிட்டு எழுதி வாங்குங்கள். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால், அந்த எழுத்து இருந்தால்தான் பயனீட்டாளர் சங்கத்திடமோ சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்திடமோ பேச முடியும். அந்த மன்றம் 20,000 சிங்கப்பூர் டாலர் வரையிலான கோரிக்கைகளை ஏற்கிறது. சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

தாலரின் தோள்பதக்கத்தையும் கழுகின் வாலையும் மிக அருகில் வைத்து, பகல் வெளிச்சத்தில் எடுத்த இரண்டு படங்களை அனுப்பினால், நாணயச் சாலையைக் கண்டுபிடித்துச் சொல்ல முயல்கிறேன். அதுவரை நான்கையும் அந்தத் தகரப் பெட்டியில் ஒன்றாகப் போட்டு வைக்க வேண்டாம், ஒன்றோடொன்று உராயும். மென்மையான, வாடை வீசும் பிளாஸ்டிக் உறைகளும் வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில் அவை நாளடைவில் கசிந்து நாணயத்தில் பச்சைப் பிசுக்கை ஏற்றிவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனித் தாள் உறையில் இட்டு, மூடி இறுகும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றையும் போட்டு வையுங்கள். எடுக்கும்போது முகப்பைத் தொடாமல் விளிம்பைப் பிடித்து எடுங்கள்.